மல்கிரேவ் எல்ம் மரமும் ஐந்து ஹெல்மெட்டுகளும்

நடந்தவை, வரிசைப்படி:

1. கோயம்புத்தூரில் இயந்திரப் பொறியியல் படித்தேன்.
2. மெல்பனுக்கு மேற்படிப்புக்கு வந்து, அதைப் பாதியில் விட்டு, மரம் ஏறும் வேலையில் சேர்ந்தேன்.
3. பன்னிரண்டு ஆண்டுகள் ஏறினேன். ஆறு மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி செயின்சா பிடித்திருக்கிறேன். சிராய்ப்புகள் தவிர ஒன்றும் ஆகவில்லை.
4. சென்ற ஆண்டு ஓர் இந்தியக் கடையில், தள்ளுபடி விலையில் வந்த பொன்னி அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றினேன். தோளின் தசைநார் கிழிந்தது.
5. கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலை இனிக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். மரம் ஏறுவதில் வேறு எந்த விதமான வேலையும் இல்லை.
6. முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றேன்.
7. பிரிவுபசாரத்தில் உடன் வேலை செய்தவர்கள் பரிசளித்தார்கள்: சமையலறையில் வைத்துக்கொள்ள மூன்று படி ஏணி. "மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்கும்போது கவனம்" என்று அதில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ஓய்வு பெற்றவர்களின் கட்டுரைகளில் நரைமுடியும் பேரக்குழந்தைகளும் வரும். என்னிடம் இரண்டும் இல்லை. இருந்தாலும் எழுதுவதற்குக் காரணம் ஜெஸ். எங்கள் நிறுவனத்தில் இப்போது மரத்தின் உச்சியைப் பார்க்க ஆளை ஏற்றுவதற்குப் பதிலாக ட்ரோனை அனுப்புகிறார்கள். அதை இயக்குபவள் ஜெஸ். நான் கயிறு போட்டு, முடிச்சுகளைச் சோதித்து, மூச்சு வாங்க ஏறிப் பார்த்ததை அந்தக் கருவி, காபி ஆறுவதற்குள் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறது. அதற்குத் தோளும் இல்லை, அரிசியும் வேண்டாம். விடைபெறும் நாளில் ஜெஸ் கேட்டாள்: "ஏறிப் பார்த்தால் மட்டுமே தெரியும் என்று ஏதாவது இருந்ததா?"

"எவ்வளவோ" என்று கம்பீரமாகச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் பட்டியல் போட்டேன். என் வழக்கம் அது. பட்டியலில் இருந்தவற்றில் பெரும்பாலானவை நான் அசடு வழிந்த சந்தர்ப்பங்கள். அவற்றில் பெரியது ஓர் எல்ம் மரம்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு நாற்றுப்பண்ணையில் பகுதி நேர வேலை பார்த்தபோது, மரங்களைப் பராமரிப்பதற்கென்று முறையான படிப்பு இருப்பது தெரிந்தது. சேர்ந்தேன். முதல் மாதம் முடிச்சுகள், இரண்டாம் மாதம் கொப்புளங்கள், மூன்றாம் மாதம் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். தொலைபேசியில் அம்மா, "பொம்பளப் புள்ள மரம் ஏறவா ஃபீஸ் கட்டிப் படிச்சே? ஊர்ல கேட்டா ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்னு சொல்லிக்கிறேன். நீயும் அப்படியே சொல்லு" என்றார். இன்றுவரை என் சொந்தக்காரர்கள் நான் யானைகளைக் கணக்கெடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெல்பனில் மரம் ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும் எல்மிடம் வந்து சேர்வார்கள். பழைய பூங்காக்களில் நடைபாதைகளின் இருபுறமும் அவைதான். உலகின் பல ஊர்களில் ஒரு பூஞ்சை நோய் வந்து எல்ம்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயின. அந்த நோய் இந்த நாட்டுக்கு இன்னும் வரவில்லை. அதனால் வயதான எல்ம்களைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கே வரவேண்டும். அடிமரம் கொஞ்ச தூரம் நேராக வந்து, பிறகு நான்கைந்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மேலே போகப் போக வெளியே வளைந்து, நுனியில் மெல்லிய சிறுகிளைகளாகத் தொங்கும். அத்தனை எடையைத் தாங்கிக்கொண்டு, எடையே இல்லாததுபோல் நிற்கும். இலையைத் தொட்டால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். காம்பருகே இலையின் ஒரு பாதி சற்று இறங்கியும் மறுபாதி சற்று ஏறியும் இருக்கும். அவசரத்தில் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை மாதிரி.

என் முதல் அறிக்கையில் இதையெல்லாம் எழுதினேன். "மிகவும் நளினமான மரம்" என்றும் எழுதினேன். என் மேலாளர் டாரன் அந்த வரியின்மேல் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் ஒரு கேள்வி: "நளினத்தின் அலகு என்ன?"

டாரன் என்னைவிட இரண்டு வயது இளையவர். அவர் கண்ணில் வியப்பையோ கோபத்தையோ நான் பார்த்ததில்லை. ஒரு மரத்தைப் பரிசோதிக்க வந்தால், முதலில் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கைகள் சட்டைப்பையில் இருக்கும். சுற்றியுள்ளவற்றை மெதுவாகப் பார்ப்பார்: பெஞ்ச் எங்கே இருக்கிறது, புல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, துணி காயப்போடும் கம்பி, பிள்ளைகளின் ஊஞ்சல். வீட்டுக்காரர்கள் குழம்பிப்போவார்கள். அவர்களுக்கு நான்தான் விளக்க வேண்டும். கிளை விழுவது மரத்தின் விஷயம். அது விழும் இடத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதே எங்கள் விஷயம். அதைப் பார்த்த பிறகுதான் திரும்புவார். பிறகு வேரடி, அடிமரம், கிளை பிரியும் கவை, உச்சி. இந்த வரிசை மாறாது. நான் எப்போதும் முதலில் உச்சியைத்தான் பார்ப்பேன். "நீ மரத்தைப் பார்க்கவில்லை, ரசிக்கிறாய்" என்று ஒருமுறை சொன்னார். அவரிடமிருந்து வந்த நீளமான விமரிசனம் அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், இங்கே கோடையான ஜனவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் டாரன் என்னை அழைத்தார். "மல்கிரேவில் ஒரு வீடு. பெரிய எல்ம். உங்கள் ஆட்கள். நீ போ."

உங்கள் ஆட்கள் என்றால் தமிழர்கள். போய்ச் சேர்ந்தபோது வாசலில் கோலம். கார் நிறுத்தும் கராஜுக்குள் சமையலுக்கான பெரிய கிடாரங்கள். வீட்டுக்காரர் ரஞ்சன் அங்கிள், யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற சிவில் இஞ்சினியர். மனைவி சாந்தா அன்ரி. மகள் துர்க்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கல்யாணம். அதற்கு முந்திய நாள், சனிக்கிழமை, சிட்னியிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களுக்கு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பின்வளவில், அதாவது கொல்லைப்புறத்தில், எல்ம் நிழலில். பந்தல் வாடகைக்குக் கொடுப்பவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மரம் தெரிந்த ஒருவர் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் பந்தல் போடுவேன் என்று சொல்லிவிட்டாராம். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"மரம் ஏறுறது நீரோ?" என்று கேட்டார் அன்ரி. என் கயிற்றுப் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கலியாணம் கட்டியாச்சோ?"

"இல்ல அன்ரி."

"ஓம், எப்பிடிக் கட்டுறது" என்றார் கயிற்றுப் பையைப் பார்த்தபடி.

பின்வளவுக்குப் போனேன். அந்த மரத்தைப் பார்த்ததும் டாரனின் வரிசை எல்லாம் மறந்துபோயிற்று. வளவு முழுவதையும் அது மூடி நின்றது. முன்பு அங்கே பண்ணைகள் இருந்தனவாம். வீடுகள் வருவதற்கு முன்பே இந்த மரம் வந்திருக்க வேண்டும். நாற்பது டிகிரி வெயிலில் அதன் கீழே ஒரு ஈரமான குளிர்ச்சி. வாய் பிளந்து அண்ணாந்து நின்றேன்.

"வடிவா இருக்கல்லோ?" என்றார் பின்னால் வந்த அங்கிள், தானும் மரத்தின் அழகைப் பார்த்தபடி. "நான் இந்த வீட்டை வாங்கினதே இந்த மரத்துக்காகத்தான் பிள்ளை. ஏலத்தண்டு வந்து வளவைப் பாத்தன், கையைத் தூக்கிப் போட்டன். வீட்டுக்குள்ள போய்ப் பாக்கேல்ல."

"ஓம், குசினி எவ்வளவு சின்னனெண்டு வாங்கினாப் பிறகுதான் தெரியும்" என்று அன்ரியின் குரல் சமையலறையிலிருந்து வந்தது.

வேலையைத் தொடங்கினேன். நைலான் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிப் பார்ப்பது முதல் படி. உள்ளே பொந்து இருந்தால் மத்தளம்போல் ஒலிக்கும். நல்ல மரம் அடக்கமாக ஒலிக்கும். இது சுவர்போல் ஒலித்தது. இந்த வயதில் இவ்வளவு திடமான எல்மை நான் தட்டியதே இல்லை. அங்கிளிடம் திரும்பி, "அருமையான மரம் அங்கிள்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த படி, உறுதிப்படுத்துவது. மெல்லிய, நீளமான ஓர் ஊசியை மரத்துக்குள் சுழற்றிச் செலுத்தும் கருவி ஒன்று உண்டு. உள்ளே எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டும். ஊசி கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். ஊசி முறிந்தது. கருவியில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். பொறியியல் படித்தவர்கள் முதலில் அப்படித்தான் முடிவுகட்டுவோம். புது ஊசி மாட்டி இன்னொரு பக்கம் செலுத்தினேன். அதுவும் முறிந்தது.

அங்கிள் தேநீரோடு வந்து நின்றார். முறிந்த ஊசியைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை.

"அதுக்குள்ள கொஞ்சம் கொங்கிறீட் இருக்கு பிள்ளை."

"எவ்வளவு கொஞ்சம் அங்கிள்?"

"ரெண்டு கியூபிக் மீற்றர் வராது."

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அடிமரத்தில் ஒரு பெரிய பொந்து இருந்ததாம். பொந்து என்றால் அடைப்பதுதானே என்று அங்கிள் அடைத்திருக்கிறார். சிமெந்து, மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்று கலவை. உள்ளே கம்பி. ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் தண்ணீர் விட்டு இறுக வைத்தது வரை சொன்னார். சொல்லச் சொல்லக் குரலில் பெருமை ஏறியது. "நான் பாலம் கட்டினவன். ஒரு பாலமும் விழேல்ல." பொந்தின் வாய் பல ஆண்டுகளில் பட்டை வளர்ந்து மூடிவிட்டது. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் மரக்காரர்களே பொந்துகளைச் சிமெந்து வைத்து அடைத்தவர்கள்தான். காற்றில் மரம் அசையும், சிமெந்து அசையாது, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும், மரம் உளுத்துக்கொண்டே போகும் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

"இதை எழுதிப் போடாதையும்" என்றார் அங்கிள் தணிந்த குரலில். "கவுன்சில்காரர் கண்டா முழு மரத்தையும் வெட்டச் சொல்லுவினம். நீர் எங்கட பிள்ளைதானே. பந்தலுக்கு மட்டும் ஒரு வரி எழுதித் தாரும். அது போதும்."

நான் கயிற்றை எடுத்து ஏறினேன். பதில் தெரியாதபோது ஏறிவிடுவது என் பழக்கம். மேலே யாரும் கேள்வி கேட்க வர மாட்டார்கள்.

எல்மின் உச்சிக்குள் போனவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு: கீழிருந்து அடர்த்தியாகத் தெரியும் பச்சை, உள்ளே கிட்டத்தட்ட வெறும் கூடம். இலைகள் எல்லாம் வெளிவிளிம்பில். நடுவில் தூண்கள்போல் கிளைகள், பச்சை வெளிச்சம். வடகிழக்காக நீண்ட பெரிய கிளையில் உட்கார்ந்து கையை ஊன்றினேன். விரல்கள் உள்ளே போயின. கிளையின் மேற்புறத்தில், கவையிலிருந்து என் கை நீளத்துக்கு ஒரு வெடிப்பு. புதிது; உள்விளிம்பு வெளிறி இருந்தது. கீழிருந்து தெரியாது. மேலிருந்து இலை மறைக்கும்.

கீழே பார்த்தேன். அந்தக் கிளைக்கு நேர் கீழே மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டிய ஒரு கொம்பு நட்டிருந்தது. அருகே சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் உட்கார அடுக்கி வைத்த கதிரைகள். இந்த வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக டாரன் ஏன் முதுகைக் காட்டி நிற்கிறார் என்பது முழுதாகப் புரிந்தது. வெயில் காலத்தில், காற்றே இல்லாத மத்தியானங்களில், எல்ம்கள் காரணம் சொல்லாமல் பெரிய கிளைகளைப் போட்டுவிடும். சனிக்கிழமையும் காற்றில்லாத வெயில் என்றுதான் வானிலை அறிவிப்பு சொன்னது.

இறங்கி டாரனை அழைத்தேன். வந்தார். மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"இவர் ஏன் மரத்தைப் பாக்காம எங்கட குசினி யன்னலைப் பாக்கிறார்?" என்றார் அன்ரி.

டாரன் கதிரைகளைப் பார்த்தார். கிடாரங்களைப் பார்த்தார். மஞ்சள் துணி கட்டிய கொம்பைக் காட்டி, "அது என்ன?" என்றார்.

அது கன்னிக்கால். கல்யாண வீட்டில் வடகிழக்கு மூலையில், நல்ல நேரம் பார்த்து, முள்முருக்கங்கொப்பு, அதாவது கல்யாணமுருங்கைக் கிளை ஒன்றை ஊன்றி, சுமங்கலிகள் நவதானியமும் பாலும் விடுவார்கள். முகூர்த்தம் புதன்கிழமை அமைந்ததால் முதல் நாளே ஊன்றியாயிற்று. கொப்பைச் சிட்னியின் டூங்கபியிலிருந்து அன்ரியின் தங்கை காரில் கொண்டுவந்திருந்தார். சிட்னியில் அதைக் களைமரம் என்று ஆள்வைத்து வெட்டுகிறார்கள். இங்கே மாப்பிள்ளைபோல் பின்சீட்டில் படுத்து வந்திருக்கிறது.

இதையெல்லாம் டாரனுக்கு மொழிபெயர்த்தேன். "நகர்த்தலாமா?" என்று கேட்டார். அதைத் தமிழில் சொன்னேன்.

அன்ரி நெஞ்சில் கை வைத்தார். "கன்னிக்கால் ஊண்டினாப் பிறகு அசைக்கிறதோ! கலியாணம் முடியுமட்டும் தொடக்கூடாது."

"கிளையை நாளை அவசரமாக வெட்டினால்?" என்று டாரன் கேட்டதையும் மொழிபெயர்த்தேன்.

"கன்னிக்கால் நிக்கிற வளவில பச்சை மரம் வெட்டுறதே? என்ன கதை பிள்ளை இது!"

டாரன் விரல்விட்டு எண்ணினார். "மரம் நகராது. குச்சி நகராது. கிளையைத் தொடக்கூடாது. மிச்சம் என்ன?"

"ஆட்கள்" என்றேன். "நூற்றிருபது பேர்."

"அவர்களை நகர்த்து" என்று சொல்லிவிட்டு, அந்தக் கொம்பை ஒருமுறை மரியாதையோடு பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அங்கிளிடம் சொன்னேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அதைவிட மோசம். மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்து, "இருவது வருசமா இதுக்குக் கீழதான் இருக்கிறன்" என்றார். "அவளின்ர கலியாணச் சாப்பாடு இதுக்குக் கீழ எண்டு அவள் பள்ளிக்கூடம் போகேக்கையே நினைச்சனான்."

அப்போது துர்க்கா வந்தாள். கல்யாணப்பெண், மருத்துவமனையில் அவசரப் பிரிவில் நர்ஸ். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னிடம் நேராகக் கேட்டாள்.

"அது விழுமா?"

"தெரியாது."

"விழாதா?"

"அதுவும் தெரியாது."

"ஓகே. நாங்களும் டெய்லி இதைத்தான் சொல்றனாங்கள்" என்றாள். பிறகு தகப்பனிடம், "அப்பா, கதிரை எல்லாத்தையும் கராஜுக்கு எடுங்கோ. பிளீஸ்."

"கராஜுக்குள்ளயோ? தகரக் கூரை பிள்ளை! சனம் அவிஞ்சு போகும்."

"அவிஞ்ச ஆக்களை நான் பாப்பன். நசுங்கின ஆக்களைப் பாக்கேலாது."

ஆனால் பிரச்சினை ஒன்று மிச்சம் இருந்தது. சனிக்கிழமை வரும் பெண்கள் எல்லோரும் கன்னிக்காலுக்குப் பால் விடாமல் போக மாட்டார்கள். அதைத் தடுப்பது என் சக்திக்கு அப்பாற்பட்டது. உட்கார்ந்து ஒரு நடைமுறை எழுதினேன். ஒரு தடவைக்கு ஐந்து பேர். நிற்காமல் போய், விட்டு, வர வேண்டும். எல்லோரும் ஹெல்மெட் அணிய வேண்டும். நான் விசில் ஊதுவேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது. அன்று அது மிகச் சிறந்த நடைமுறையாகத் தெரிந்தது.

சனிக்கிழமை என்னையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். பட்டுப்புடவை கட்டி, அதன்மேல் எங்கள் நிறுவனத்தின் ஆரஞ்சு நிற மேலங்கியைப் போட்டு, கழுத்தில் விசிலோடு மரத்தைச் சுற்றிக் கட்டிய நாடாவுக்கு வெளியே நின்றேன். லாரியிலிருந்து எடுத்துவந்த ஐந்து ஹெல்மெட்டுகள் மேசைமேல். முதல் ஐந்து பேர் வந்தார்கள். கொண்டையும் பூவும் ஹெல்மெட்டுக்குள் அடங்கவில்லை. தலைக்கு மேல் அது கவிழ்த்த சட்டிபோல் நின்றது. காஞ்சிபுரம் சரசரக்க, கையில் பால் செம்போடு, கொள்ளையடிக்கப் போகிறவர்கள்போல் அவர்கள் வேகமாக நடந்தார்கள்.

சிட்னி நார்த்மீட்டிலிருந்து வந்த ஓர் அன்ரி ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, அந்தக் கொப்பு விழுந்தா இந்தச் சட்டி காப்பாத்துமோ?"

"இல்ல அன்ரி."

"பின்ன ஏன் போடுறது?"

"சட்டம் அன்ரி."

"ஓம், இந்த நாட்டில செத்தாலும் சட்டப்படிதான் சாகோணும்" என்று சொல்லி தாடையின் கீழே பட்டியை இறுக்கிக்கொண்டார்.

புகைப்படக்காரர் ஒன்றையும் விடவில்லை. கல்யாண ஆல்பத்தில் நடுப்பக்கத்தில் இருக்கிறது: ஐந்து ஹெல்மெட்டுகள், பின்னால் விசில் ஊதும் நான், கன்னம் புடைக்க.

கராஜுக்குள் நூற்றிருபது பேர் அவிந்தார்கள். திறந்த கதவு வழியாக எதிரே எல்ம் தெரிந்தது: கரும்பச்சை நிழல், கீழே யாருமில்லாத குளிர்ச்சி. ஒரு இலைகூட அசையவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு என்னைக் கடந்த ஒவ்வொருவரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "இன்னும் விழேல்லையோ?" ஒரு மாமா, "எத்தினை மணிக்கு விழுமெண்டு முன்கூட்டிச் சொல்லும், வீடியோ எடுக்கலாம்" என்றார். ரஞ்சன் அங்கிள் மட்டும் என் பக்கம் வரவில்லை. விசிறியின் முன்னால் நின்று பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மூன்றாவது தடவை யாரோ கேட்டபோது, அந்தக் கிளை விழட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். யாரும் கீழே இல்லாதபோது, எல்லோரும் பார்க்கும்போது, பெரிய சத்தத்தோடு. மரங்களைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவள், பாயசக் கிண்ணத்தோடு நின்று, ஒரு மரம் முறிய வேண்டும் என்று பிரார்த்தனை செய்தேன். அது முறியவில்லை. அன்றும், மறுநாளும், அடுத்த வாரமும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கன்னிக்காலை எடுத்தபோது முருக்கங்கொப்பில் இரண்டு துளிர் வந்திருந்ததாக அன்ரி படம் அனுப்பினார்.

அறிக்கையில் கொங்கிறீட்டைப் பற்றி எழுதினேன். எழுதப்போகிறேன் என்று அங்கிளிடம் முதலில் சொன்னேன். "எழுதும்" என்று மட்டும் சொன்னார். நகராட்சிக் கவுன்சில் அதிகாரி வந்து பார்த்தார். முழு மரத்தையும் அகற்றுவது, அல்லது வெடித்த கிளையை எடுத்து மற்றதை வைத்துக்கொள்வது: இரண்டில் ஒன்று. இரண்டாவதற்காக நானும் டாரனும் வாதாடினோம். மரத்துக்கு மதிப்புப் போடும் படிவத்தில் தோற்றத்துக்கென்றே ஓர் இடம் உண்டு. எண்ணாகத்தான் போட வேண்டும். டாரன் அந்த இடத்தில் அதிகபட்ச எண்ணைப் போட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் திரும்பிக் குசினி யன்னலைப் பார்த்தார்.

மரம் தப்பியது. இலையுதிர் காலத்தில் நானே ஏறி அந்தக் கிளையை எடுத்தேன். நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்கினோம். கடைசித் துண்டை, வெடிப்பு இருந்த அடிப்பகுதியை, புல்லில் வைத்தபோது அங்கிள் அளவு நாடாவோடு வந்தார். வெட்டுமுகத்தை அளந்தார். வெடிப்பு மூன்றில் ஒரு பங்குதான் போயிருந்தது. மீதி இறுகிய, நல்ல மரம்.

"இது இன்னும் கனகாலம் நிண்டிருக்கும் பிள்ளை."

"நின்னிருக்கலாம் அங்கிள்."

மறுபடி அளந்தார். நாடாவைச் சுருட்டினார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு பக்கம் முழுக்க வானம் தெரிந்தது. சட்டையின் ஒரு கையை மட்டும் கிழித்து எடுத்தாற்போல் நின்றது எல்ம்.

"வடிவு போய்ட்டுது" என்றார். உள்ளே போய்விட்டார்.

சிலர் என்னைச் சமாதானப்படுத்த, நீ செய்தது சரிதான் என்பார்கள். சரிதான். அதே கிளை, அதே வெடிப்பு, அதே வெயில் என்றால் மறுபடியும் கதிரைகளைக் கராஜுக்குத்தான் அனுப்புவேன். ஆனால் என் தொழிலில் சரியாகச் செய்ததற்கு அத்தாட்சி எப்போதும் நடக்காத ஒன்றுதான். நடக்காததை யாருக்கும் காட்ட முடியாது. காட்டக் கிடைத்ததெல்லாம் ஆல்பத்தில் இருக்கும் அந்தப் படம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த மரத்தைப் பார்க்கப் போனேன். இந்த ஆண்டு, நான் விடைபெறுவதற்குச் சற்று முன், ஜெஸ் ட்ரோனை அனுப்பினாள். நான் கீழே, மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். புது வெடிப்பு எதுவும் இல்லை. வெட்டிய இடத்தைச் சுற்றிப் பட்டை உருண்டு மூடத் தொடங்கிவிட்டது. கொங்கிறீட்டைத் தோண்டி எடுப்பது வைத்திருப்பதைவிட ஆபத்து என்பதால் அது உள்ளேயே இருக்கிறது. மிச்சக் கிளைகள் உறுதி. தாராளமாகக் கீழே உட்காரலாம் என்று அங்கிளிடம் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்.

"ஓம் ஓம்" என்றார்.

அவர் உட்காருவதில்லை. கராஜ் கதவைத் திறந்து, உள்ளே கதிரையைப் போட்டு, அங்கிருந்து மரத்தைப் பார்க்கிறார். துர்க்காவின் மகன் அந்தப் பக்கம் தவழ்ந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தவள் நான். திரும்ப வாங்கிக்கொள்ளும் முறை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. மரம் நிற்கிறது. நிழலும் இருக்கிறது. அதன் கீழே யாரும் இல்லை.